துடுப்பு நனையக் கூடாத நாள்

ஒரு காலேஜ் பெண்ணைப் பார்த்து, ‘இந்த ஆற்றைக் காப்பாற்றுவதிலேயே உனக்கு ஒரு வேலை இருக்கிறது’ என்று சொல்லப்போகிறீர்களே, அந்த வேலை எந்த ஆபீஸில், எந்த மாடியில், எந்த நாற்காலியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியாது. தெரியாமலே நாலு வருஷம் எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர் என்று காலேஜ் காலேஜாகப் போய் அதைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். மைக் கையில் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

என் பெயர் ரீகன். சொந்த ஊர் ராயபுரம். வயது இருபத்தேழு. இந்த மாதத்தோடு கிளம்புகிறேன். என்னமோ ரிட்டயர் ஆனவன் மாதிரி பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். இந்த வேலையில் நாலு வருஷம் தாண்டியவன்தான் கிழவன். புதிதாக வரும் உங்கள் ஏழு பேருக்கும் ஹேண்டோவர் எழுதச் சொன்னார்கள். எந்தச் சாவி எந்த அலமாரிக்கு, பாட்டில்கள் எங்கே, எந்தக் காலேஜில் எந்த சார் போனை எடுப்பார் என்பதெல்லாம் தனி ஃபைலில் இருக்கிறது. இது அந்த ஃபைலில் போட முடியாதது. டீ குடித்துக்கொண்டே ஒரே மூச்சில் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நம் ப்ராஜெக்ட் என்னவென்று உங்களுக்கு ட்ரெய்னிங்கில் சொல்லியிருப்பார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம், அதன் கரையில் குப்பங்கள், சுற்றிலும் அனல்மின் ஆலைகளின் புகைக்குழாய்களும், அவற்றின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் சாம்பல் குழாய்களும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, தண்ணீரைப் பரிசோதிக்க, அலையாத்திச் செடி நட, குப்பை அள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்படியே அவர்களைச் சுற்றுச்சூழல் துறையில் வேலைக்குப் போகிறவர்களாக ஆக்கிவிட வேண்டும். இதற்கு என்னிடம் ஒரு ஸ்லைடு இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பாள். குழாயில் தண்ணீர் நீலமாக இருக்கும். நம் ஆற்றில் நான் நீலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த ஸ்லைடு வந்ததும் ஹாலில் ஒரு அமைதி வரும், அது எனக்குப் பிடிக்கும்.

அந்த அமைதியை நம்பி வந்தவள்தான் கௌசல்யா. நெட்டுக்குப்பத்தைத் தாண்டி இருக்கும் ஒரு குப்பத்துப் பெண். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். அவளை நான் முதலில் கவனித்தது எங்கள் முதல் குப்பை அள்ளும் நாளில். அறுபது பேர், புது டீ-ஷர்ட், கையுறை, தொப்பி. மதியத்துக்குள் கரை முழுக்க மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கிவிட்டோம். எல்லாரும் மூட்டைகள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

“ணா, லாரி எப்ப வரும்?”

“வரும்மா. சொல்லிவெச்சிருக்கோம்.”

“வர்லன்னா இந்த மூட்டங்கள இன்னா பண்றது? சாயங்காலம் ஏத்தம் வருமே.”

“வரும்மா” என்றேன் மறுபடியும். எனக்குப் பசி. லாரி வரவில்லை. கடல் ஏறிவந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் காலை அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வலையில் சிக்கிக் கிழிந்த ஒரு சாக்கு. கீழே ஒரே வரி: ‘நம்ம மூட்ட தான்ணா.’

அத்தோடு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, “எங்க நைனாக்கு கால்ல எப்பவும் சொறி. அந்தத் தண்ணில இன்னா கீதுன்னு யாராச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன். எவனும் சொல்ல மாட்றான். நானே கத்துக்குறேன்” என்றாள்.

கற்றுக்கொண்டாள். எந்த மணிக்கு எந்த வளைவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவளுக்கு ஏற்கனவே தெரியும், அதைப் புத்தகத்தோடு பொருத்திக்கொண்டாள். எங்கள் பேட்ச்சில் அவள் எழுதிய கள நோட்டைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவேன். எம்.எஸ்சி. சேர வேண்டும், அதன் பிறகு ஒரு ஆய்வகத்தில் உட்கார வேண்டும், இதுதான் அவள் ஆசை. அந்த நாற்காலி எங்கோ இருக்கிறது என்று அவளிடம் சொன்னவன் நான்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்தால்தான் மீதி புரியும். முகத்துவாரத்தில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் கட்டினால் அடிதடி. அதனால் ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. இன்று உன் வீடு, நாளை என் வீடு. அந்த முறைக்குப் பெயர் பாடு. வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். பாடு இருக்கிற வீடு ஊரில் ஒரு வீடு. பாடு இல்லை என்றால் ஆற்றங்கரையில் குடியிருந்தாலும் ஆறு உங்களுடையது இல்லை. கௌசல்யாவின் அப்பா ஏழுமலைக்குப் பாடு இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், ஒரு நாள் காலை அவள் போன் செய்தாள்.

“ணா, தண்ணி சாம்பலா வந்துகினு கீது. மடவயெல்லாம் மெதக்குது. ஜல்தி வா.”

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாம்பல் குழாய் உடைந்துபோயிருக்கிறது. ஆறு முழுக்கக் கரைத்த சிமென்ட் மாதிரி. அதன் மேல் மடவை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கரையில் ஊரே நின்றிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது. கோயில் பக்கத்து ஸ்பீக்கரில் ஊர் நிர்வாகி தேசிங்கு திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: பதினோரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வருகிறார். அதுவரை ஊர்க்கட்டு. ஒரு படகும் இறங்கக் கூடாது. ஒரு துடுப்பும் தண்ணீரில் படக் கூடாது.

எனக்கு அது காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. நான் யோசித்ததெல்லாம் ஏற்றத்தைப் பற்றித்தான். அப்போது வற்றம். இன்னும் ஒரு மணி நேரத்தில் கடல் உள்ளே ஏற ஆரம்பித்தால், சாம்பல் தண்ணீரோடு கடல் தண்ணீர் கலந்துவிடும். ஆபீசர் வந்து சாவகாசமாகப் பாட்டிலைத் திறக்கும்போது ஆறு பாதி முகம் கழுவி முடித்திருக்கும். சாம்பிள் இப்போதே எடுக்க வேண்டும், அதுவும் நடு ஆற்றில், குழாய்க்கு நேராக.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து மேடம் போன். எங்கள் ப்ராஜெக்ட்டின் தலைவர், நல்லவர்தான், ஆனால் அவருக்கு மேலே இருந்தும் ஒருவர் போன் செய்துகொண்டிருப்பார்.

“ரீகன், சாம்பிள் எடுத்தாச்சா? யார் எடுக்கிறாங்க? லோக்கல் யூத் எடுக்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ இருந்தா ரொம்ப நல்லா இருக்கும்.”

“இருக்கு மேடம்” என்றேன். இன்னும் எதுவுமே இல்லை.

கௌசல்யா பாட்டில் பெட்டியோடு நின்றிருந்தாள். “ஊர்க்கட்டு சொல்லிக்கீறாங்கணா” என்றாள்.

“கட்டு தொழிலுக்குத்தானே? நாம இன்னா மீனா புடிக்கப் போறோம்?”

இதைத்தான் நீங்கள் அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். நான் வேண்டுமென்று ஊரை மீறவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் ராயபுரத்துப் பையன், என் மாமா காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்க்கிறவர், ஸ்ட்ரைக் என்றால் என்னவென்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே ஸ்ட்ரைக் என்றால் யாரும் மீன்பிடிக்கப் போகமாட்டார்கள், அவ்வளவுதான். துறைமுகத்துக்குள் படகு நகரும், டீசல் போடும், ரிப்பேருக்குப் போகும், ஒருவனும் கேட்கமாட்டான். ஆக, வலை வீசாத படகு கட்டை மீறாத படகு. இதுதான் என் கணக்கு. வெளியூர்க்காரன் யாராவது அங்கே நின்றிருந்தால் பயந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நான் பாதி உள்ளூர்க்காரன். அதனால் கேட்கவில்லை.

படகடியில் நின்ற அவள் அப்பா ஏழுமலை, கேட்கலாம் என்றார். “நிர்வாகத்தாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கலாமே தம்பி.”

“சொன்னா வேணாம்பாங்க. கூடிப் பேசி முடிக்கிறதுக்குள்ள ஏத்தம் வந்துடும்ணே.”

அவர் சிரித்தார். “உங்க ராயபுரத்துல கடலு பெருசு. எவன் போறான் எவன் வர்றான்னு எவனுக்கும் தெரியாது. இங்க ஒருத்தன் துப்புனாலே ஊருக்குத் தெரியும்.”

“நைனா, அஞ்சே நிமிசம். போனதும் வந்துடலாம்” என்றாள் கௌசல்யா.

அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இந்தப் பாட்டிலு அவ எம்.எஸ்சி. சீட்டுக்கு ஒதவுமா?”

“கண்டிப்பாணே” என்றேன்.

எங்கே போய் உதவும், யார் அதைப் பார்ப்பார்கள், எந்தக் காலேஜ் சேர்க்கையில் ஆற்றுத் தண்ணீர் பாட்டிலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. அவசரத்தில் வாயில் வந்த சொல் அது.  குப்பத்தின் ஓரத்தில், கூட்டத்துக்குத் தெரியாதபடி வளைவுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த படகை ஏழுமலை அவிழ்த்தார்.

சாம்பிள் எடுத்த கதை உங்களுக்கு வேண்டாம், அதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஒழுங்காக எடுத்தாள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

“மொகத்த எடுக்காதணா” என்றாள்.

“மொகம் இல்லாம எவன் பாப்பான்?” என்று சொல்லிக்கொண்டே நல்ல ஆங்கிள் தேடி எழுந்து நின்றேன். படகு ஆடியது. நான் தடுமாறி, செத்த மீன்கள் மிதக்கும் தண்ணீரில் விழப்போய், அவள் தோளைப் பிடித்து நின்றேன். அவள் சிரித்துவிட்டாள். “மெதந்துகினு போற லிஸ்ட்ல நீயும் சேந்துடுவே” என்றாள். வாய்விட்டு, பல் தெரிய, நல்ல சிரிப்பு. அது வீடியோவில் நன்றாக விழுந்திருந்தது. அவள் காலடியில், முந்தின நாள் மடித்துப் போட்ட வலையும் ஒரு கூடையும் கிடந்தன. அதுவும் நன்றாக விழுந்திருந்தது. நான் அவள் முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

கரைக்கு வந்ததும் கத்தரித்து, ஒரு பாட்டைச் சேர்த்து, ‘இன்று காலை, எண்ணூர்’ என்று போட்டு ரீலாக ஏற்றிவிட்டேன். மேடம் உடனே பகிர்ந்தார். பத்து நிமிஷத்தில் போன் துள்ள ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணிக்குச் சொன்னபடியே ஆபீசர் வந்தார். கூடவே ஆலைத் தரப்பில் சட்டையை உள்ளே விட்ட ஒரு மனிதர். தேசிங்கு முன்னால் போய் நின்று, ஆற்றைக் கை காட்டினார். அப்போதுதான் நானும் ஆற்றை முதல் தடவையாக அவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஒரு படகு இல்லை. சாம்பல் ஏடு கிழியாமல் அப்படியே விரித்த பாய் மாதிரி கிடந்தது. ஏற்றம் ஆரம்பித்தும் உள்வளைவில் அது கலையவில்லை.

“காலைலேர்ந்து ஒரு படகு எறங்கல சார். உங்களுக்கு மெஷினே வேணாம். பாருங்க, ஊரே கரையில நிக்குது. இந்தத் தண்ணில தொழில் பண்ண முடியாதுன்றதுக்கு இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? அந்தக் கொழாய மாத்துற வரைக்கும் அதுல தண்ணி உடக் கூடாது. அத எழுதிக் குடுங்க, போதும்.”

ஆபீசர் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். நிஜமாகவே எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்தவன் நான்.

ஆலைத் தரப்பு மனிதர் ஒன்றும் சண்டை போடவில்லை. பணிவாகத் தன் போனை நீட்டினார். “சார், இது இன்னைக்கு காலைல போட்டது.”

என் ரீல். பாட்டோடு. அந்தக் கரையில் அவ்வளவு பேர் நிற்கும்போது அந்தப் பாட்டு மட்டும் கேட்டது. படகு, வலை, கூடை, பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். ஆபீசர் இரண்டு தடவை பார்த்தார்.

“வலை இருக்கே” என்றார்.

நான் முண்டியடித்துக்கொண்டு போனேன். “சார், அது சாம்பிள் எடுக்கப் போனது. மீன் பிடிக்கல.”

“நீங்க யாரு?”

சொன்னேன்.

“சாம்பிள் எடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தாங்க?”

அதற்கு என்னிடம் ஒரு ஐ.டி. கார்டு இருந்தது, கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. எழுதிய பக்கத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். படகுப் போக்குவரத்து வழக்கம்போல் காணப்பட்டது என்று எழுதியதாகப் பிற்பாடு தெரிந்தது. அன்று சாயங்காலம் குழாயில் ஒரு பட்டை போட்டு ஒட்டினார்கள். மறுநாள் அதில் வழக்கம்போல் சாம்பல் போனது.

நான் செய்ததை எனக்கே புரியவைத்துக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. நூறு வீடு சேர்ந்து அன்றைக்குப் பட்டினி கிடந்து எடுத்த சாம்பிள் அந்த வெற்று ஆறு. அதைப் படிக்க ஆய்வகம் வேண்டாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அதில் அழுக்கு சேர்த்தவன் நான். ஊர்க்கட்டு எதற்கு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேசிங்கே சொல்லியிருப்பார். கேட்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

ஊர்க்கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஏழுமலை நடுவில் நின்றார். கௌசல்யா வெளியே, பெண்கள் பக்கம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். எப்படியும் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்ற திமிர்.

“தப்பு என்னுதுண்ணே. அவரு கேக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேணான்னேன். இன்னா பண்றதா இருந்தாலும் என்னப் பண்ணுங்க” என்றேன்.

தேசிங்கு கத்தவில்லை. களைத்துப்போனவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“உன்ன இன்னா பண்றது தம்பி? உனக்கு இங்க இன்னா கீது? பாடு கீதா, புடுங்கறதுக்கு?”

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு ஒதுங்கி உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஊர் மறுபடி சொல்லும் வரை ஏழுமலை வீட்டுக்குப் பாடு கிடையாது என்று முடிவு செய்தார்கள். ஏழுமலை சரி என்றார்.  கட்டு மீறியது உண்மை, அதற்கு இதுதான் என்று அவருக்குத் தெரியும். வேறு யாராவது மீறியிருந்தால் அவரும் இதற்குத்தான் கை தூக்கியிருப்பார்.

நியாயம் என்று பார்த்தால் ஊர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர்கள் கையில் இருந்த ஒரே பலம் எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் செய்யாமல் இருப்பதுதான். அதில் ஓட்டை விழுந்தால் அடைத்துத்தானே ஆக வேண்டும்.

சாம்பிள் ரிசல்ட் மூன்று வாரம் கழித்து வந்தது. எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் அதுவும் சொன்னது. எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனேன். ‘எங்கள் ஆள் முன்னிலையில் எடுக்காத சாம்பிள், தகவலுக்காக வைத்துக்கொள்கிறோம்’ என்றார்கள். ஒரு ஜெராக்ஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரிஜினல் நம் ஆபீஸ் இரும்பு அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

கௌசல்யாவிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கரெக்டாத்தான் எடுத்துக்கீறேன்லணா?” என்று கேட்டாள்.

“கரெக்டா எடுத்திருக்கே” என்றேன். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. 

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. ஏழுமலை கொஞ்ச நாள் மற்றவர் வலைக்குக் கூலியாகப் போனார். பிறகு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்குக் கை காட்டும் வேலை. எம்.எஸ்சி. விண்ணப்பத்தைக் கௌசல்யா போடவே இல்லை. சிபாரிசுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று நான் மூன்று தடவை சொன்னேன். “அப்பால பாக்கலாம்ணா” என்றாள் மூன்று தடவையும். இப்போது எர்ணாவூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் மாத்திரைப் பெயர் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது என்று கடைக்காரர் பாராட்டினாராம்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் பில்டப். நான் அடுத்து போகிற வேலை, கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவு. ஏ.சி. ரூம். இன்டர்வியூவில் உட்கார்ந்த மூன்று பேரில் ஒருவர் அந்த ரீலை ஏற்கனவே பார்த்திருந்தார். “அது நீங்க பண்ணதா? மக்களோட வேலை செய்றதுன்னா அதுதான்” என்றார். நான் ஆமாம் என்றேன். மீதிக் கதையைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு வருஷத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைக் கோட்டு ஸ்லைடைக் காட்டியிருக்கிறேன். அதில் இருந்து உண்மையிலேயே சுற்றுச்சூழல் வேலைக்குப் போகிறவன் நான் ஒருத்தன்தான்.

போன வாரம் தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் அந்தக் கடைக்குப் போனேன்.

“இன்னாணா, இந்தப் பக்கம்?” என்றாள். சாதாரணமாகத்தான் பேசினாள். “புது பேட்ச் எடுக்குறாங்களாமே?”

“ஆமா. நான் கெளம்புறேன் கௌசி. வேற வேல கெடச்சிருக்கு.”

“எங்க?”

சொன்னேன். என்ன வேலை என்றும் சொன்னேன். எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லிவிட்டேன். அதையும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அவள் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நல்ல எடமாணா? கரெக்டா சம்பளம் போட்ருவாங்களா?” என்றாள்.

“போடுவாங்க.”

“அப்ப உட்றாத” என்று சொல்லிவிட்டு, என் பின்னால் நின்ற ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. ஊர் ஒன்றைச் செய்யாதே என்றால் ஏன் என்று கேளுங்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். அது ஒன்றுதான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. உங்களிடம் பிடுங்க அங்கே எதுவும் இல்லாத வரைக்கும் உங்கள் தைரியத்தை நம்பாதீர்கள். உங்கள் தைரியத்துக்கு அங்கே வேறொரு வீடு பொறுப்பாகிறது. வேலை கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அதைச் சொல்லாமல் பிள்ளைகளை எப்படி வரவழைப்பது என்று மேடம் கேட்பார்.  வரவழைக்காமல் இருப்பதுதான் நல்லதோ என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தத் தண்ணீரை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள், நீங்களா, கிண்டியிலிருந்து நானா?

ரீலை அழித்துவிட்டேன். வேறு ஆட்கள் எடுத்துப் போட்டது அங்கங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேசிங்கிடம் இந்த இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை போய் ஏழுமலைக்காகக் கேட்டிருக்கிறேன். கடைசித் தடவை டீ வாங்கிக் கொடுத்தார். “நீ நல்ல புள்ளதான். அதுதான் பேஜாரு. உன்ன நம்பி ஆளுங்க எறங்கிடுறாங்க” என்றார்.

இன்று காலை குப்பத்தில் இந்த வருஷத்துப் பாடு வரிசைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஏழுமலை வீட்டுப் பெயர் அதில் இல்லை.